கொடி மாற்றிக்கொள்ள வந்தவர்கள்

எங்களுடையது உலகம் முழுக்கக் கிளைகள் உள்ள சேவைச் சங்கம். அதில் ஒரு வழக்கம் உண்டு. உறுப்பினர் ஒருவர் வெளிநாடு போனால், போன ஊரில் சங்கத்தின் கிளை இருக்கிறதா என்று விசாரித்து அதன் வாரக் கூட்டத்துக்குப் போகலாம். அழைப்பு வேண்டியதில்லை. சட்டையில் குத்தியிருக்கும் சின்னம் போதும். வாசலில் நிற்பவர் கைகுலுக்கி உள்ளே கூட்டிப்போய் நாற்காலி காட்டுவார். போனவர் தன் கிளையின் சின்ன முக்கோணக் கொடி ஒன்றைக் கொடுப்பார், அவர்கள் தங்கள் கொடியைக் கொடுப்பார்கள். ஒரு படம், பிறகு சாப்பாடு. அவ்வளவுதான்.

நான் முதன்முதலில் அப்படிப் போனது சிங்கப்பூரில். மச்சினன் வீட்டுக்கு நானும் மனைவியும் போயிருந்தோம். கடை கடையாக ஏறி இறங்கி எனக்குச் சீக்கிரமே அலுத்துப்போயிற்று. ஒரு மத்தியானம் கோட்டைப் போட்டுக்கொண்டு அங்குள்ள கிளையின் கூட்டத்துக்குத் தனியாகக் கிளம்பிப் போனேன். கொடைக்கானல் குளிருக்குத் தைத்த கோட்டு அது. வேர்த்து ஊற்றியது. பக்கத்தில் குடை வியாபாரம் செய்யும் ஒரு சீனர் உட்கார்ந்திருந்தார். எங்கள் ஊரில் வருஷத்தில் பாதி நாள் மழை என்று சொன்னதும் நாற்காலியை என் பக்கம் நகர்த்திக்கொண்டார். சாப்பாடு முடிந்ததும் தன் காரிலேயே ஏற்றிவந்து மச்சினன் வீட்டு வாசலில் இறக்கிவிட்டார். அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. ஆனாலும் முன்பின் தெரியாத ஊரில் ஒருவர் இப்படி நம்மைக் கவனித்து அனுப்பியது மனதில் நின்றுவிட்டது.

கொடைக்கானலில் எனக்கு மருந்துக்கடை. இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு வருஷம் நான் சங்கத்துக்குச் செயலாளராக இருந்தேன். வெளிநாட்டிலிருந்து வருகிற உறுப்பினர்களைக் கவனிப்பது செயலாளர் சோலி. சீசனில் வாரத்துக்கு ஒருவராவது வருவார்கள். பெரும்பாலும் ஏரியைச் சுற்ற வந்தவர்கள். கூட்டத்தில் உட்கார்ந்து கொடியை மாற்றிக்கொண்டு மறுநாள் கிளம்பிவிடுவார்கள். நாங்கள் கூடும் ஹோட்டல் ஹாலின் சுவரில் அந்தக் கொடிகள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருக்கும்.

அந்த வருஷம் இலங்கையிலிருந்து எனக்கு ஒரு ஈமெயில் வந்தது. அங்கே சண்டை நின்றிருந்த காலம். எழுதியவர் மலைநாட்டு ஊர் ஒன்றின் கிளை உறுப்பினர், சிங்களவர். தேயிலைத் தோட்டத்து பேக்டரியில் டீமேக்கராக, அதாவது தேயிலை பக்குவத்துக்குப் பொறுப்பான அதிகாரியாக, இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவிக்குப் பழனியில் ஒரு நேர்த்திக்கடன். கதிர்காமத்து முருகனைச் சிங்களவர்களும் கும்பிடுவார்கள் என்று எனக்கு அப்போதுதான் தெரியும். பழனிக்கு வந்துவிட்டு மலையேறி எங்கள் கூட்டத்துக்கும் வருகிறோம் என்று எழுதியிருந்தார். கூடவே ஓர் உதவியும் கேட்டிருந்தார்.

அவர்களுக்கு ஒரே மகன். அவன் பிறந்ததும் தாய்க்குக் கடுமையான காய்ச்சல் கண்டு டவுன் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார். குழந்தை எந்தப் புட்டிப்பாலும் குடிக்கவில்லை. தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் தமிழ்ப்பெண் ஒருத்தி, கைக்குழந்தைக்காரி, அவனுக்குப் பால் கொடுத்துக் காப்பாற்றியிருக்கிறாள். சில வருஷம் கழித்து தோட்டத் தமிழர்களைத் திருப்பி அனுப்ப இரண்டு நாடும் செய்த ஒப்பந்தத்தில் அவள் குடும்பம் கப்பலேறி இந்தியாவுக்கு வந்துவிட்டது. கொடைக்கானல் பக்கம்தான் போனார்கள் என்று கேள்வி. அவள் உயிரோடு இருந்தால் பார்க்க வேண்டும். தோட்டத்தின் பெயரையும் அந்தப் பெண்ணின் பெயரையும் எழுதியிருந்தார்.

தேடுவது பெரிய காரியமாக இருக்கும் என்று நினைத்தேன். அப்படி இல்லை. எங்கள் ஊரில் சிலோன்காரங்க என்று சொல்லப்படுபவர்கள் நிறையப் பேர். வந்த புதிதில் காட்டில் மரம் வெட்டப் போனார்கள். பிறகு பீன்ஸ், கேரட், பூண்டு என்று தோட்ட வேலைக்குப் போனார்கள். கடைக்குப் பிரஷர் மாத்திரை வாங்க வரும் ஒரு பெரியவரும் அவர்களில் ஒருவர்தான். அவரிடம் பெண்ணின் பெயரைச் சொன்னேன்.

"அந்தப் பேருல நெறையப் பேரு இருக்குங்க. எந்தத் தோட்டம்?" என்றார்.

தோட்டத்தைச் சொன்னதும் அவர் யோசிக்கவே இல்லை. "வட்டக்கானல்ல மக வீட்டுல இருக்குங்க. கொஞ்ச வருஷம் கன்னிவாடியில காட்டு வேலை பாத்துச்சு. வெயில் ஒத்துக்கிடலைன்னு திரும்ப மேல வந்துருச்சு. மக கெஸ்ட் ஹவுஸ்ல சமைக்குது."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வட்டக்கானல் போனேன். மகள் சமையற்கட்டில் வெள்ளைக்காரப் பையன்களுக்கு பேன்கேக் சுட்டுக்கொண்டிருந்தாள். வயது முப்பத்தைந்துக்கு மேல் இருக்கும். தோசைக்கரண்டியை வைக்காமலே நான் சொன்னதைக் கேட்டாள்.

"தெரியும் சார். அம்மா சொல்லியிருக்கு. என் பாலைக் குடிச்சவன் ஒருத்தன் சிலோன்ல இருக்கான்னு. அவன் வாறானா?"

"அவர் ஆஸ்திரேலியாவில் இருக்காராம். அப்பாவும் அம்மாவும்தான் வர்றாங்க."

"ஓ, ஆஸ்திரேலியாவா. பால் நல்லாத்தான் வேலை செஞ்சுருக்கு" என்று பேன்கேக்கைத் திருப்பிப் போட்டாள். "அம்மாட்ட கேட்டுச் சொல்றேன் சார்."

இரண்டு நாள் கழித்துக் கடைக்கே வந்து, "வரட்டும்னு சொல்லிருச்சு" என்றாள்.

இதை நான் கூட்டத்தில் சொன்னதும் எங்கள் தலைவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. சாக்லேட் கடை வைத்திருந்தவர். நல்ல மனிதர்தான், எதையும் விழாவாகச் செய்தால்தான் அவருக்குத் திருப்தி. அந்த அம்மாவை வாரக் கூட்டத்துக்கு அழைத்து, விருந்தாளி கையால் பொன்னாடை போர்த்தி, சங்கத்தின் சார்பில் ஒரு தையல் மெஷின் கொடுத்துவிடலாம் என்றார். பேப்பரில் போட ஆளுக்கும் சொல்லிவிட்டார். இலங்கைக்காரருக்கு எழுதிக் கேட்டேன். மிகவும் சந்தோஷம், அவளுக்கு அந்த மரியாதை தகும் என்று பதில் வந்தது. அந்த அம்மாவிடம் மட்டும் நாங்கள் யாரும் கேட்கவில்லை. விருந்தாளிகள் நேரில் போய் அழைத்தால் வந்துவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டோம்.

அவர்களை அழைத்துவரப் பழனிக்கு நானே வாடகை வண்டியில் போனேன். அவர்கள் வெள்ளனே மலையேறித் தரிசனம் முடித்து, அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வாசலில் எனக்காகக் காத்திருந்தார்கள். அவர் உயரம், வெள்ளைச் சட்டையில் எங்கள் சங்கச் சின்னம். அம்மா சின்ன உருவம். கையில் பழத்தட்டு, அதன்மேல் மடித்த வெள்ளைத் துணி. நான் இங்கிலீஷில் பேச வாயெடுத்தேன்.

"வாங்க, வாங்க. வழியில கஷ்டம் ஒண்ணும் இல்லதானே?" என்றார் தமிழில்.

வண்டி ஓட்டியவர் பழனிக்காரர். மலைப்பாதையில் பாதி தூரம் பொறுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாகக் கேட்டார். "என்னங்க, சிங்களவருன்னு சொன்னீங்க. நம்மாளு கணக்கா பேசுறாரு?"

பின்னாலிருந்து பதில் வந்தது. "வேலை பாத்த காலம் முழுக்க லயத்து ஆளுகளோடதான் தம்பி பேச்சு. விடிய முந்தி பெரட்டு. அங்க சிங்களம் பேசினா கொழுந்து வராது."

பெரட்டு என்பது காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி வேலை பிரித்துவிடுவது, லயம் என்பது தொழிலாளிகளின் வரிசை வீடு என்று அவரே ஓட்டுநருக்கு விளக்கிக்கொண்டு வந்தார். பேசிக்கொண்டே வரும் மனிதர். அம்மாவுக்குத் தமிழ் அதிகம் வராது. சன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார். வளைவுகளில் தலை சுற்றினாலும் ஒன்றும் சொல்லவில்லை.

ஹோட்டலில் அறை போடாமல் எங்கள் வீட்டிலேயே தங்கவைத்தோம். சங்கத்துக்காரர்கள் வந்தால் அப்படிச் செய்வது என் மனைவிக்குப் பிடிக்கும். அன்று சாயங்காலம் அம்மா சமையலறைக்குப் போய்த் தானே தேங்காய் துருவ உட்கார்ந்துவிட்டார். வரவேற்பறையில் டீமேக்கர் எனக்குத் தேயிலை வாட்டுவது பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளே இருவரும் தமிழும் இங்கிலீஷுமாகத் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது, என்னவென்று தெரியவில்லை.

மறுநாள் காலை வட்டக்கானலுக்குக் கிளம்பும்போது மனைவி என்னைத் தனியாக நிறுத்திச் சொன்னாள்.

"இந்த சிலோன் அம்மா நன்றி சொல்ல மட்டும் வரலைங்க. ஆஸ்பத்திரியிலேர்ந்து வீட்டுக்கு வந்தா, புள்ளை இவங்ககிட்ட ஒட்டவே இல்லையாம். அந்தப் பொண்ணு குரல் கேட்டாத்தான் அழுகை நிக்குமாம். ஒரு நாள் அவ கையிலேர்ந்து புள்ளையப் பிடுங்கிக்கிட்டு சமையக்கட்டுக் கதவைச் சாத்திட்டாங்களாம். இனிமே வரவேணாம்னு கூடச் சொல்லலை. அவ கொஞ்ச நேரம் வெளியே நின்னுட்டுப் போயிட்டாளாம். ஒரு வாய்த் தண்ணி குடுத்து அனுப்பலையேன்னு சொல்லி அழுறாங்க."

"அவருக்குத் தெரியுமா?"

"அவளே வராம நின்னுட்டான்னு அவர்கிட்ட சொல்லிட்டாங்களாம். இதுக்குத்தான் பழனிக்கு வேண்டுனதே."

வட்டக்கானலில் வண்டி போகாத பாதை கொஞ்சம் உண்டு. நாங்கள் நால்வரும் இறங்கி நடந்தோம். வீடு ஒரு பேரி மரத்தடியில், இரண்டு அறை, தகரக் கூரை. மகள் அன்று வேலைக்குப் போகவில்லை. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு வைத்திருந்தாள். கெஸ்ட் ஹவுஸிலிருந்து கொண்டுவந்தவை.

அந்த அம்மா உள்ளேயிருந்து வந்தார். ஸ்வெட்டர், தலையில் துண்டு. ஒல்லியாக நிமிர்ந்த உடம்பு. அவரைப் பார்த்ததும், "டீமேக்கர் ஐயா நரைச்சுப் போனீங்களே" என்றார்.

"நீ அப்படியே இருக்க" என்றார் அவர். உட்காரச் சொன்னார். அந்த அம்மா உட்காரவில்லை. மகள் தோளைப் பிடித்து அழுத்தி உட்காரவைத்தாள்.

நாங்கள் எதிர்பார்க்காத நேரத்தில் சிங்கள அம்மா மண்தரையில் முழங்கால் போட்டுக் குனிந்து அந்த அம்மாவின் காலைத் தொட்டார். அவர்கள் நாட்டில் பெற்றவர்களை அப்படித்தான் வணங்குவார்களாம். அந்த அம்மா பதறிப்போய்க் காலை இழுத்துக்கொண்டார்.

"நோனா, இதென்ன, எந்திரிங்க" என்றார். சிங்கள வீட்டுப் பெண்களைத் தோட்டத்தில் நோனா என்றுதான் கூப்பிடுவார்கள்.

சிங்கள அம்மா எழுந்திருக்கவில்லை. தெரிந்த தமிழில், ஒவ்வொரு சொல்லாகத் தேடிச் சொன்னார். "நான் அன்னைக்கு கதவு மூடினது. நீங்க வெளியில நின்னது. ஒண்ணும் சொல்ல இல்ல. எப்பவும் மனசில இருக்கு."

அவர் கணவர் திரும்பிப் பார்த்தார். அவருக்கு அது புதுச் செய்தி.

அந்த அம்மா கொஞ்ச நேரம் ஞாபகப்படுத்திப் பார்ப்பதுபோல் இருந்தார். பிறகு சிரித்தார்.

"அதையா இம்புட்டு வருஷமா நெனச்சுக்கிட்டு இருக்கீங்க? நீங்க கதவைச் சாத்துனதும் எனக்கு உசுரு வந்துச்சு நோனா. மறுபடி தெறந்து கூப்புட்டுருவீங்களோன்னு கொஞ்ச நேரம் நின்னு பாத்தேன். கூப்புடல. வெரசா லயத்துக்கு ஓடியாந்தேன். அன்னைக்குத்தான் எம்மக வயிறு நெறையக் குடிச்சுட்டுத் தூங்குனா."

மகள் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள், பால் சேர்க்காத வெறும் சாயத்தண்ணி, கடித்துக்கொள்ள ஆளுக்கொரு துண்டு வெல்லம்.

டீமேக்கர் கேட்டார். "அப்ப, நீ மனசில்லாமத்தான் வந்தியா?"

"மனசில்லாமன்னு இல்லைங்கய்யா. புள்ளை அழுதா பால் சொரக்கத்தான் செய்யும். அது சிங்களப் புள்ளை தமிழ்ப் புள்ளைன்னு பாக்குமா? ஆனா ரெண்டு புள்ளைக்கு எனக்கு ஏது பாலு? ஐயா புள்ளை மொதல்ல குடிக்கும். மிச்சம்தான் எம்மகளுக்கு."

"அதுக்குத்தானே பால்மா டின் குடுத்து விட்டேன்."

"குடுத்தீங்க. நல்ல சாமான்தான். இவளுக்குத்தான் ஒத்துக்கிடல. வயித்தால போயிக்கிட்டே கெடந்தா. எலும்பாப் போயிட்டா."

"ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கலாமே. உனக்கு முழுப் பேர் போட்டு, முழுநாள் சம்பளமும் குடுத்து, வேலைக்கும் போகவேணாம்னு சொன்னேனே. நீ சந்தோசமா இருக்கன்னு நெனச்சேன்."

அந்த அம்மா அதற்குக் கோபமில்லாமல், சாதாரணமாகத்தான் பதில் சொன்னார். "கணக்கப்பிள்ளை லயத்துக்கு வந்து, நாளையிலேர்ந்து நீ கொழுந்துக்குப் போகவேணாம், டீமேக்கர் வீட்டுக்குப் போன்னாரு. நாங்க மாட்டோம்னு எப்புடிங்கய்யா சொல்றது? அப்புடிச் சொல்ற வழக்கம் அங்க இல்லையே."

டீமேக்கர் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். அவர் மனைவிக்குப் பாதிதான் புரிந்திருக்கிறது. சிங்களத்தில் ஏதோ கேட்டார். அவர் தலையைத் திருப்பிக்கொண்டார். மறுபடி கேட்டார். அப்போதும் அவர் பேரி மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் மகள்தான் சொன்னாள். வெளிநாட்டுக்காரர்களுக்குச் சமைத்துப் பழகிய இங்கிலீஷில், தன் நெஞ்சைத் தொட்டுக்காட்டி, "யுவர் சன், டிரிங்க் மை மில்க். ஐ, வெரி ஸ்மால் பேபி. நோ ப்ராப்ளம். நவ் பிக்" என்று இரண்டு கையையும் அகல விரித்துக் காட்டினாள்.

சிங்கள அம்மா எழுந்துபோய் அவள் முழங்கைக்கு மேலே பிடித்துப் பார்த்தார், எலும்பும் சதையும் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதுபோல. கன்னத்தைத் தடவினார். பையிலிருந்து தாய்க்கென்று கொண்டுவந்த புடவையை எடுத்தார். மகளுக்கென்று எதுவும் கொண்டுவரவில்லை. அது அவருக்கு உறைத்தது என்பது முகத்தில் தெரிந்தது.

"சாப்பிட்டுப் போங்க" என்று மகள் அடுப்பைப் பற்றவைத்தாள். விறகு ஈரம், வீடு முழுக்கப் புகை. தேங்காய்ப்பூ போட்டுத் தட்டிய ரொட்டியும் தொட்டுக்கொள்ள இடித்த மிளகாய்ச் சம்பலும். அம்மா புகைக்குள் போய் அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து ரொட்டி தட்டினார். கடைசியில் அந்த அம்மாவும் அவர்களோடு போய் உட்கார்ந்தார். மூன்று பேரும் என்ன பாஷையில் பேசினார்கள் என்று தெரியாது. என் மனைவி அங்கே போய்விட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். புகை என்றாள்.

கிளம்பும்போது நான் சாயங்காலக் கூட்டத்தைப் பற்றிச் சொன்னேன். அவரும் எழுந்துநின்று, "வாறீங்களா?" என்று அந்த அம்மாவிடம் கேட்டார். காலையிலிருந்து நீ என்று பேசிக்கொண்டிருந்தவர் அப்போதுதான் முதல்முறை மரியாதை வைத்துப் பேசினார்.

"இல்லைங்கய்யா. நான் வரல. அங்கெல்லாம் எனக்குச் சரிப்பட்டு வராது."

"சரி" என்றார் அவர். மறுபேச்சில்லை.

பாதையில் ஏறும்போது நின்று மூச்சு வாங்கிக்கொண்டு என்னிடம் சொன்னார். "நான் நல்லவன்னு நெனச்சிருந்தேன் சார். கெட்டவன் இல்லைன்னு இப்பவும் நெனைக்கிறேன். ஆனா ஒரு நாளும் கேக்கலையே." கொஞ்சம் உட்கார்ந்து போகலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.

தலைவரிடம் போனில் சொன்னபோது அவருக்கு வருத்தம்தான். "பேப்பர்காரரை வரச்சொல்லிட்டேனே சார். மெஷினுக்கு ரிப்பன் கட்டி மேடையில வச்சாச்சு. நீங்க இன்னொரு வாட்டி கேட்டுப் பாருங்களேன்."

"இல்லைங்க. இனிமே கேட்கமாட்டேன்" என்றேன்.

சாயங்காலம் கூட்டம் தொடங்க மணி அடிக்கும் நேரத்தில் ஹால் வாசலில் மகள் வந்து நின்றாள். பட்டுப்புடவை, அதன்மேல் ஸ்வெட்டர், தலையில் பூ.

"அம்மா வரலைன்னா நானும் வரக்கூடாதா சார்? சாப்பாடு உண்டுல்ல?"

சிங்கள அம்மா தூரத்திலிருந்தே பார்த்துவிட்டார். பக்கத்து நாற்காலியில் வைத்திருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அவளைக் கூப்பிட்டார். கொடியை மாற்றிக்கொண்டார்கள். டீமேக்கர் தேயிலையைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசுவதாக இருந்தது. பேசினார், ஆனால் பாதியில் நிறுத்திவிட்டு நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டார். ஊரில் நல்ல பேச்சாளர் என்று பெயராம். அன்று அப்படித் தெரியவில்லை.

தலைவர் பொன்னாடையை வீணாக்க மனமில்லாமல் மகளை மேடைக்கு அழைத்தார். அவள் கூச்சப்படாமல் போனாள். பொன்னாடையை வாங்கிக்கொண்டாள். தையல் மெஷினைக் காட்டியதும் ஒலிபெருக்கி பக்கத்தில் இருப்பதைக் கவனிக்காமல் சொன்னாள்.

"சார், எனக்குத் தைக்கத் தெரியாது. இதுக்குப் பதிலா ரெண்டு பர்னர் கேஸ் அடுப்பு குடுத்தீங்கன்னா உதவியா இருக்கும். வீட்டுல ஒரே பொகை."

ஹாலில் எல்லோரும் சிரித்தார்கள். தலைவரும் சிரித்துவிட்டார். அதில் அவரிடம் ஒரு நல்ல குணம், சொன்னால் செய்துவிடுவார். அந்த வாரமே மெஷினைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுப்பு வாங்கி வட்டக்கானலுக்கு ஆள் விட்டு அனுப்பினார். அடுத்த சீசனில் மகள் கெஸ்ட் ஹவுஸ் வேலையை விட்டுவிட்டுத் தன் வீட்டு வாசலிலேயே ரொட்டிக்கடை போட்டாள். வெள்ளைக்காரர்கள் அவளைத் தேடி அங்கே போனார்கள்.

டீமேக்கரும் மனைவியும் ஊருக்குத் திரும்பிய பிறகு ஒரு நாள் மகள் கடைக்கு வந்து, ஆஸ்திரேலியாவிலிருந்து போன் வந்தது என்று சொன்னாள். "அவருக்குத் தமிழ் தெரியல சார். என் இங்கிலீஷ் அவருக்குப் புரியல. ரெண்டு பேரும் சிரிச்சுட்டு வச்சுட்டோம். நல்ல குரல்." பிறகும் எப்போதாவது போன் செய்திருக்கிறான் என்று கேள்வி. நேரில் வரவில்லை.

மறு வருஷம் தைப்பூசத்துக்கு அவர்கள் திரும்பப் பழனிக்கு வந்தார்கள். அவர் எங்கள் வீட்டில் தங்கினார், கூட்டத்துக்கு வந்தார். அம்மா நேராக வட்டக்கானல் போய்விட்டார். அந்த இரண்டு அறை வீட்டில், எங்கள் ஊர் ஜனவரிக் குளிரில், கம்பளியைப் போர்த்திக்கொண்டு சில நாள் இருந்துவிட்டு வந்தார். அவரைக் கூட்டிவரப் போனபோது அந்த அம்மா என் மனைவியிடம், "நோனா நல்லாத்தான் இருக்காங்க, ஆனா ராவெல்லாம் கொறட்டை" என்று குறை சொன்னாராம்.

பிறகு எங்கள் முறை வந்தது. அங்கே அப்போதும் சண்டை திரும்பியிருக்கவில்லை. நானும் மனைவியும் இலங்கைக்குப் போனோம். பையில் எங்கள் கொடி ஒன்றை வைத்துக்கொண்டேன். வெள்ளைக்காரத் துரைமார் கட்டிய பழைய மரக்கூடத்தில் அவர்கள் கூட்டம் நடந்தது. சிங்களவர், தமிழர், முஸ்லிம் எல்லோரும் இருந்தார்கள். மறுநாள் அவர் தன் பழைய காரில் எங்களைத் தோட்டத்துக்கு அழைத்துப்போனார். ஓய்வு பெற்ற பிறகு அவரும் அங்கே போனதில்லையாம். பேக்டரியைக் காட்டினார். பிறகு சரிவில் இறங்கி ஒரு நீளமான லயத்தின் முன்னால் நின்று, "இங்கதான் இருந்தாங்க" என்று ஒரு கதவைக் காட்டினார். இப்போது குடியிருக்கும் பெண் எங்களை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். நான் கதவை, முன்பக்கத்துக் குழாயை, எதிரே தெரியும் தேயிலைச் சரிவை எல்லாம் படம் எடுத்துக்கொண்டேன்.

ஊருக்கு வந்து படங்களைக் கழுவி எடுத்துக்கொண்டு வட்டக்கானல் போனோம். ரொட்டிக்கடையில் கூட்டம். மகள் தலையை மட்டும் அசைத்தாள். அந்த அம்மா படங்களை வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"இது எங்க லயம் இல்லையே" என்றார். "இது கீழ் லயம். எங்களது மேல் லயம். அதுக்குக் குழாயே கெடையாது. மலை ஊத்துலேர்ந்து வர்ற பீலித் தண்ணிதான் புடிப்போம். ஐயாவுக்குத் தெரியாது. அவரு எங்க வந்தாரு லயத்துக்கு."

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் படங்களைத் திரும்ப உறையில் போடக் கையை நீட்டினேன். அந்த அம்மா கொடுக்கவில்லை. தேயிலைச் சரிவைக் காட்டும் படத்தை மட்டும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இந்த மலை எனக்குத் தெரியும். இதுல கொழுந்து எடுத்திருக்கேன்" என்றார். இன்னும் கொஞ்சம் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். "கவாத்து வெட்டிருக்காங்க. ரொம்ப தாழ வெட்டிட்டாங்க. இனி தழைச்சு வர நாளாகும்."

மகள் தட்டில் ரொட்டி கொண்டுவந்து வைத்தாள். சூடாறுவதற்குள் சாப்பிடச் சொல்லிவிட்டு அடுப்புக்குத் திரும்பிப் போனாள்.